பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேமராவை எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

இளமையில் கேமராவும் கையுமாக இருந்து, பிறகு வேலை, குடும்பம் என்று ஏதோ ஒரு காரணத்தால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, இப்போது மீண்டும் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நான் திரும்பி வந்தேன். முதல் எட்டு மாதங்களில் நான் செலவிட்ட பணத்தில் பாதிக்கு மேல் வீணாயிற்று. திரும்பக் கிடைக்காத சில படங்களையும் இழந்தேன். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததே அதற்குக் காரணம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். புதிய கேமரா வாங்குவது ஆறாவது படியில்தான் வருகிறது. அதுவரை ஆகும் செலவு மிகவும் குறைவு.

1. பழைய கேமராவின் பின்மூடியைத் திறக்காதீர்கள்

அலமாரியிலிருந்து பழைய பிலிம் கேமராவை எடுத்தவுடன் எல்லோருக்கும் தோன்றும் முதல் எண்ணம் அதைத் திறந்து பார்ப்பதுதான். உள்ளே பாதி எடுத்த சுருள் இருக்கலாம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. நான் திறந்தேன், உள்ளே ஒரு சுருள் இருந்தது. என் தந்தை உயிரோடு இருந்த கடைசி ஆண்டில் எடுத்த படங்கள் அவை என்று பின்னர் தெரிந்தது. மூன்று படங்கள் மட்டுமே தப்பின.

கையால் சுற்றும் கேமராவாக இருந்தால், மேற்புறம் இடப்பக்கத்தில் உள்ள திருப்பிச் சுற்றும் பிடியை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றுகொண்டே இருந்தால் பெரும்பாலும் உள்ளே பிலிம் இல்லை. சிறிது சுழன்றதும் இறுகி நின்றால் பிலிம் இருக்கிறது. அப்படியானால் அடிப்புறத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, பிடி மீண்டும் தளரும் வரை சுற்றி, பிலிம் முழுவதும் உறைக்குள் போன பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மோட்டாரால் இயங்கும் கேமராக்களில் பலவற்றின் பின்மூடியில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் வழியே சுருள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் புதிய பேட்டரி போட்டு, பாதியில் திருப்பிச் சுற்றுவதற்கான பொத்தானை அழுத்துங்கள். தவறுதலாகத் திறந்துவிட்டால் உடனே மூடிவிடுங்கள். சுருளின் வெளிச்சுற்றுகள் ஒளிபட்டுக் கெட்டாலும் உட்சுற்றுகளில் சில தப்ப வாய்ப்புண்டு.

கிடைத்த சுருளைக் கழுவக் கொடுக்கும் முன் அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். சி-41 என்றிருந்தால் வழக்கமான வண்ண நெகட்டிவ் முறையில் இன்றும் கழுவலாம். வண்ணம் மங்கியும் மணிமணியாகவும் வரலாம், ஆனாலும் உருவம் கிடைக்கும். கோடாக்ரோம் (கோடாக் நிறுவனத்தின் வண்ண ஸ்லைடு பிலிம்) என்றிருந்தால் செய்தி வேறு. அந்தப் பிலிமின் உற்பத்தி 2009இல் நிறுத்தப்பட்டது. அதற்குரிய கழுவும் முறையும் 2010இன் இறுதியோடு முடிவுக்கு வந்தது. அதைக் கருப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். அதிலும் பழகிய ஆய்வகம் தேவை. எவ்வளவு பழைய சுருள் என்பதைத் தாளில் எழுதி உடன் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சுருள்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காமல், முதலில் ஒன்றைக் கழுவி முடிவைப் பார்த்துவிட்டு மற்றவற்றை அனுப்புங்கள்.

2. பழைய நெகட்டிவ்களைப் படித்துப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்ததைவிட எனக்கு இதில் கிடைத்த பயன் அதிகம்.

முதலில் பெட்டியை முகர்ந்து பாருங்கள். புளித்த காடி வாசனை அடித்தால், அசிடேட் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சிதைவு அருகிலுள்ள மற்ற பிலிம்களையும் பாதிக்கும் என்பதால் அவற்றை உடனே பிரித்து வைத்து, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி நெகிழி உறைகளில் இருப்பவற்றை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளுக்கு மாற்றுங்கள். பிலிமின் ஓரங்களை மட்டுமே தொடுங்கள்.

பிறகு, ஒளிரும் பலகையின் மேலோ, வெள்ளைத் திரை காட்டும் கைப்பேசியின் மேலோ நெகட்டிவ் துண்டுகளை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் எதைப் படம் எடுத்திருக்கிறீர்கள், எவ்வளவு நெருக்கத்தில், எந்த ஒளியில் என்று எண்ணிக் குறியுங்கள். நான் பறவைகளையும் தொலைதூர மலைகளையும் எடுத்தவன் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையில் நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றையும் வாங்கிவிட்டேன். நெகட்டிவ்களை எண்ணியபோதுதான், பத்தில் ஏழு படங்கள் சன்னலோர வெளிச்சத்தில் இருக்கும் மனிதர்கள் என்பதும், எல்லாம் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தவை என்பதும் தெரிந்தது. என் விருப்பம் எதில் இருந்தது என்பதை என் நினைவைவிட என் நெகட்டிவ்கள் சரியாகச் சொல்லின. அந்த ஜூம் லென்ஸைப் பிறகு நட்டத்தில் விற்றேன்.

ஸ்கேன் செய்வதற்கு எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். 35 மி.மீ. பிலிமின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. அளவுடையது. அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். எட்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு இது போதும். தட்டையான ஸ்கேனர்களின் பெட்டியில் போட்டிருக்கும் எண் நடைமுறையில் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதால், அந்த எண்ணை மட்டும் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தூசியை நீக்கும் வசதி வண்ண நெகட்டிவ்களுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் மரபான கருப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளித் துகள்கள் அந்தக் கதிரையே தடுப்பதால், அங்கு அது படத்தையே குதறிவிடும். கருப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவிட்டு, காற்றூதியால் தூசியை நீக்குங்கள்.

கடையில் ஸ்கேன் செய்யக் கொடுப்பதாக இருந்தால், கோப்பின் அளவு எவ்வளவு, விலை சுருளுக்கா படத்துக்கா, நெகட்டிவ்களை வெட்டாமல் திருப்பித் தருவார்களா, எத்தனை நாள் ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் பெறுங்கள். வீட்டிலேயே செய்தால், ஒரு மாலைக்கு மூன்று சுருள்களுக்கு மேல் பொறுமையோடு செய்ய முடியாது என்பது என் அனுபவம்.

3. கண்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

இருபது வயதில் கேமராவைப் பிடித்த கண்ணும் ஐம்பது வயதில் பிடிக்கும் கண்ணும் ஒன்றல்ல. நான் வாங்கிய கேமராவில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதென்று பழுது பார்க்கக் கொண்டுபோனேன். குறை கேமராவில் இல்லை. கேமரா தொடர்பான எந்தச் செலவுக்கும் முன்னால் ஒரு கண் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரமான வியூஃபைண்டரில் தெரியும் உருவம் பொதுவாக ஒரு மீட்டர் அளவு தொலைவில் இருப்பதுபோல் கண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே படிக்கும் கண்ணாடியை அணிந்துகொண்டு அதில் பார்த்தால் தெளிவு கிடைக்காது. கேமராவின் பின்திரையைப் பார்க்க மட்டுமே அது உதவும். வியூஃபைண்டருக்கு அருகில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அதைத் திருப்பும்போது வெளியே உள்ள காட்சியைப் பார்க்காமல், உள்ளே தெரியும் எண்களையும் கோடுகளையும் மட்டும் பார்த்து, அவை கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடியோடுதான் படம் எடுப்பீர்கள் என்றால், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழுச் சட்டமும் தெரிகிற வியூஃபைண்டர் உள்ள கேமராவைத்தான் வாங்க வேண்டும். கடையில் உங்கள் கண்ணாடியை அணிந்தபடியே நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

4. பழைய கேமரா இன்னும் இயங்குமா என்று பாருங்கள்

உள்ளே பிலிம் இல்லை என்று உறுதியான பிறகு இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். பேட்டரி அறையைத் திறந்து, பச்சையாகவோ வெள்ளையாகவோ கசிவு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடியின் விளிம்பில் உள்ள கருப்பு நுரைப்பட்டை தாரைப்போல் பிசுபிசுத்தால் ஒளி உட்புகும் என்று பொருள். அதை மாற்றுவது மலிவான வேலைதான். பின்மூடியைத் திறந்து வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை இயக்குங்கள். ஒரு நொடி வேகம் உண்மையிலேயே ஒரு நொடிதானா என்பதைக் காதாலேயே கணிக்கலாம். நெடுநாள் இயங்காத கேமராக்களில் உறைந்துபோன எண்ணெயால் குறைந்த வேகங்கள்தாம் முதலில் பிசகும்.

லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை) முழுவதும் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைத்த இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. தொடக்க நிலையில் சுத்தம் செய்துவிடலாம். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டிருந்தால் தழும்பு நிற்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடிக்கும் இடத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு ஈரப்பதமானியையும் வைத்து, 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

1960கள், 70களைச் சேர்ந்த பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. அந்தப் பேட்டரிகள் இப்போது கிடைப்பதில்லை. அதே அளவுள்ள 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் மானி இயங்கும். ஆனால் அளவு தவறும். 1.4 வோல்ட் துத்தநாக-காற்றுப் பேட்டரி இதற்கு நெருக்கமானது, மலிவானது. ஒட்டுத்தாளை நீக்கிய பிறகு சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும் என்பது மட்டும் குறை.

பழுது பார்க்கக் கொடுத்தால் முதலில் மதிப்பீட்டுத் தொகையை எழுதி வாங்குங்கள். அதே மாதிரிக் கேமரா நல்ல நிலையில் கிடைக்கும் விலையை அது தாண்டினால், உணர்வு சார்ந்த காரணம் இருந்தாலொழிய பழுது பார்க்க வேண்டாம். எனக்கு அந்தக் காரணம் இருந்தது. கொடுத்த பணத்துக்கு நான் வருந்தவில்லை.

5. பிலிமா, டிஜிட்டலா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

ஒரு சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, அஞ்சல் செலவு ஆகியவற்றைக் கூட்டி, ஒரு சுருளில் உள்ள படங்களின் எண்ணிக்கையான 36ஆல் வகுத்தால், ஷட்டரை ஒருமுறை அழுத்துவதற்கு என்ன செலவு என்று தெரியும். அதை நீங்கள் ஓராண்டில் எடுக்க நினைக்கும் படங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். மாதம் ஒரு சுருள் எடுப்பவருக்குப் பிலிம் கட்டுப்படியாகும்; கைப்பழக்கத்தை மீட்டெடுக்க நூற்றுக்கணக்கில் எடுக்க வேண்டிய தொடக்கக் காலத்தில் அது கைகொடுக்காது. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்: பழகுவதற்கு டிஜிட்டல், பழகியதை நிதானமாகச் செய்வதற்குப் பிலிம்.

பிலிமோடு விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் அனுப்பினால் வலிமையான கதிர்கள் பிலிமைக் கெடுக்கும். கைப்பைகளுக்கே இப்போது பல விமான நிலையங்களில் பிலிமைப் பாதிக்கக்கூடிய சி.டி. வகை ஸ்கேனர்கள் வந்துவிட்டதால், கையால் சோதிக்குமாறு முன்கூட்டியே பணிவாகக் கேளுங்கள். பிலிமை ஒளி ஊடுருவும் பையில் தனியாக வைத்திருந்தால் கோரிக்கை எளிதில் ஏற்கப்படும்.

6. டிஜிட்டல் கேமரா வாங்கும்போது

இப்போது உங்கள் குறிப்பேட்டைத் திறங்கள். இரண்டாம் படியில் எண்ணியதுதான் உங்கள் கொள்முதல் பட்டியல். கேமரா உடலுக்கு மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ், இரண்டாவது பேட்டரி, இரண்டு நினைவக அட்டைகள், இரண்டு வெளிப்புற வட்டுகள் எல்லாம் மீதிப் பாதியில் அடங்க வேண்டும். நான் முழுத் தொகையையும் உடலுக்கே கொடுத்துவிட்டு, வட்டு வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன். அதன் விளைவை எட்டாம் படியில் சொல்கிறேன்.

பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சாரின் அளவைப் புரிந்துகொள்ளாமல் பழைய எண்களை நம்பாதீர்கள். பிலிம் சட்டத்தின் அளவே உள்ள முழுச்சட்ட சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பழைய 50 மி.மீ. போலவே காட்டும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி வகை சென்சாரில் பார்வைக்கோணம் குறுகி ஏறத்தாழ 75 மி.மீ. போலவும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 100 மி.மீ. போலவும் ஆகிவிடும். பழைய 50 மி.மீ. பார்வையே வேண்டுமென்றால் அவற்றில் முறையே 35 மி.மீ., 25 மி.மீ. லென்ஸ்களைத் தேடுங்கள்.

பழைய லென்ஸ்கள் நல்ல நிலையில் இருந்தால், உள்ளே காட்சியைத் திருப்பும் ஆடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமரா உங்களுக்கு ஏற்றது. ஆடி உள்ள பழைய எஸ்எல்ஆர் கேமராக்களின் லென்ஸ்கள் பிலிமிலிருந்து நாற்பது மி.மீட்டருக்கு மேல் தள்ளி அமர வேண்டியவை. மிர்ரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தொலைவு ஏறத்தாழ 16 முதல் 20 மி.மீ. மட்டுமே என்பதால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப, உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாத எளிய வளையம் போதும். பொருத்திய பிறகு ஷட்டர் இயங்கவில்லை என்று பதறாதீர்கள். லென்ஸ் இல்லாமலும் படம் எடுக்க அனுமதிக்கும் அமைப்பைக் கேமராவின் மெனுவில் தேடி இயக்க வேண்டும். அதிர்வு தடுக்கும் வசதி உடலிலேயே இருந்தால், லென்ஸின் குவியத் தொலைவையும் (50 மி.மீ. போன்ற எண்ணை) நீங்களே உள்ளிட வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் ஒரு வாரம் தவித்தேன்.

பயன்படுத்திய கேமரா வாங்குவது நல்ல வழி. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். நடுத்தரக் கேமராக்கள் பலவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை தாங்குமாறு சோதிக்கப்பட்டவை. வெறும் வானத்தை எஃப் 16 என்ற சிறிய அபெர்ச்சரில் எடுத்துப் பார்த்தால் சென்சாரில் உள்ள தூசியும் கீறலும் கரும்புள்ளிகளாகத் தெரியும். ரசீதில் உடலின் வரிசை எண், லென்ஸின் வரிசை எண், திருப்பித் தரும் கால அளவு ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து, கேமரா இல்லாத வேறிடத்திலும் ஒரு நகல் வையுங்கள். காப்பீட்டுக்கும், திருட்டுப் புகாருக்கும், வெளிநாட்டுப் பயணத்தில் சுங்கத்தில் காட்டுவதற்கும் அந்த ஒரு தாள்தான் பயன்படும். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் குறைந்தது முந்நூறு படங்களாவது எடுத்துவிடுங்கள்.

நினைவக அட்டையில் இரண்டு பொறிகள் உள்ளன. பழைய டிஜிட்டல் கேமராக்கள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அட்டைகளைப் படிக்காது. வாங்கும் முன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். மிக மலிவாகக் கிடைக்கும் பெரிய அட்டைகளில் போலிகள் உண்டு. முழுக் கொள்ளளவையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

7. முதல் மூன்று மாதங்கள்: ஒரே லென்ஸ்

கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டு, ரா (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக் (உடனே பார்க்கத் தயாரான படக்கோப்பு) ஆகிய இரண்டும் சேர்ந்து பதிவாகுமாறு அமையுங்கள். ஒரே ஒரு லென்ஸோடு, வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நடந்தால் மூன்று மாதத்தில் கை தானாகவே பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் (ஒளியுணர்திறன் அளவின்) தலைகீழ், அதாவது ஐஎஸ்ஓ 100க்கு நொடியில் நூறில் ஒரு பங்கு, என்ற பழைய விதி இன்றும் செல்லும். மாறியிருப்பது வேறொன்று. நெகட்டிவ் பிலிமில் சற்றுக் கூடுதலாக ஒளி கொடுத்துப் பழகியவர்கள் நாம். நிழலில் விவரம் கிடைக்க அதுவே வழி. டிஜிட்டலில் அந்தப் பழக்கம் எதிராக வேலை செய்யும். வெளிச்சமான பகுதி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அங்கு எதையும் மீட்க முடியாது. நிழலைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே திரையில் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடம் வலப்பக்கச் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைநடுக்கத்துக்கும் அப்படித்தான்: 50 மி.மீ. லென்ஸுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்ற விதியை நம்பாமல், நூறில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள்.

ரா கோப்புகளைச் செம்மைப்படுத்த, இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி ஆகிய இரண்டில் ஒன்றே போதும். சந்தா கட்டும் மென்பொருளை முதல் ஆண்டில் தவிர்க்கலாம்.

8. காப்புநகல்

ஸ்கேன் செய்த என் பழைய படங்களில் பதினோரு சுருள்கள் ஒரே வட்டில் இருந்தன. அந்த வட்டு ஒரு காலையில் இயங்கவில்லை. நெகட்டிவ்கள் இருந்ததால் மீண்டும் ஸ்கேன் செய்தேன். ஆனால் அதே வட்டில் இருந்த முதல் மாத டிஜிட்டல் படங்களுக்கு நெகட்டிவ் கிடையாது. அவை போனது போனதுதான்.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதுதான் விதி. கோப்புறைகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களால் பெயரிட்டால் தாமாகவே காலவரிசையில் நிற்கும். இரண்டு நகல்கள் உறுதியாகும் வரை நினைவக அட்டையை அழிக்காதீர்கள். அழிக்கும்போது கணினியில் செய்யாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஆண்டுக்கு இருமுறை, காப்புநகலிலிருந்து சில படங்களைத் திறந்து பாருங்கள்.

9. அனுமதிகள்

பொது இடத்தில் மனிதர்களைப் படம் எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் நாட்டின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் முக்காலிக்குத் தனி அனுமதி கேட்பது வழக்கம். சில இடங்களில் அதற்கு நாள்கள் ஆகும் என்பதால் முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். படத்தைப் பிறருக்கு அனுப்பும் முன் அதில் பதிந்துள்ள இடக் குறிப்பை நீக்குங்கள், குறிப்பாக வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களில்.

10. மாதம் ஒரு படத்தையாவது அச்சிடுங்கள்

அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தை 20க்கு 13 அங்குலம் வரை தயக்கமின்றி அச்சிடலாம். கடைக்கு அனுப்பும் கோப்பு எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற வண்ணவெளியில், அதாவது வண்ணங்களைக் குறிக்கும் அந்த முறையில், இருக்கட்டும். வேறு வண்ணவெளியில் அனுப்பினால் தோலின் நிறம் வெளிறி வரக்கூடும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு செம்மைப்படுத்தினால் அச்சு இருண்டுவிடும். ஆகவே முதலில் சிறிய அளவில் ஒரு சோதனை அச்சு எடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, வேண்டிய அளவு திருத்திய பிறகே பெரிய அச்சுக்குப் பணம் கொடுங்கள்.

அச்சின் பின்புறம் யார், எங்கே, எந்த நாள் என்பதை எழுதி வையுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும்; நெகிழி பூசிய தாளில் பென்சில் பிடிக்காது. நிறமி மை கொண்ட மென்முனைப் பேனாவால் ஓரத்தில் மெல்ல எழுதி, மை நன்கு உலர்ந்த பிறகு அடுத்த படத்தை அதன் மேல் அடுக்குங்கள்.